காலியாக விடக் கூடாத கட்டம்

மூடுபனி விலகியதும் முதலில் தெரிந்தது சிவப்பு மணல்.

ஆட்டக்கூடத்து விரிமேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நான்கு ஆட்டக்காரர்களும் முன்னால் குனிந்தார்கள். அறுகோணக் கட்டத்துக்குள் மணல்மேடுகள் எழும்பின. மேடுகளில் பனைகள் முளைத்தன. பனைகளுக்கு நடுவே சில வீடுகள், ஒரு சின்னக் கோயில், கதவடைத்த ஒரு கடை. பிறகு ஆட்கள். கட்டைவிரல் உயர ஆட்கள், ஏதோ பேச்சின் பாதியில் இருப்பவர்களைப் போல வந்து நின்றார்கள்.

“பாலைவனம்னுல்லா நெனச்சேன். ஊரு கெடக்குலே!” என்றான் ரீகன். நால்வரில் அதிகம் சத்தம் போடுகிறவன் அவன்தான்.

“கத்தாத. அந்தக் கடையைப் பாரு. பட்டப்பகல்ல எவன் கடையைப் பூட்டுவான்?” என்றாள் பக்கத்தில் இருந்த ஷீபா.

பின்னால் தனி நாற்காலியில் ஜெயசீலி பேசாமல் இருந்தாள். இந்த நிலத்தை வரைந்தவள் அவள். தான் வரைந்த கட்டத்தில் பனி விலகும் நாளில் நிலவரைவாளர் வந்து பார்க்கலாம். வாய் திறக்கக் கூடாது. தூத்துக்குடி ஆட்டக்கூடங்களில் இது எழுதாத சட்டம்.

வாய் திறந்தாலும் சொல்ல அவளிடம் ஒன்றும் கிடையாது. நிலவரைவாளர் வரைவது நிலத்தை மட்டும். மேடு, பள்ளம், மண்ணின் வகை, எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து காற்று வரும் என்பது. மற்றதெல்லாம் நிரப்பி என்ற இயந்திர மூளையின் வேலை. இந்த மண்ணில் யார் வந்து குடியேறியிருப்பார்கள், எதை நட்டிருப்பார்கள், எந்தச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு யாரை ஏமாற்றியிருப்பார்கள் என்று அது பின்னோக்கிக் கணக்கிடும். யாரும் காலடி வைக்காதவரை பனிக்குக் கீழே ஒன்றும் இல்லை. வைத்ததும், ஒரு மூச்சு விடும் நேரத்தில் சில நூறு வருடங்கள் நடந்து முடிந்துவிடும். ஆட்கள் தங்கள் மூட்டுவலியோடும் கல்லறைகளோடும் வந்து சேர்வார்கள்.

மனிதக் கண்ணில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அங்கே யாரும் கறுப்பு ஓட்டையைப் பார்ப்பதில்லை. சுற்றியுள்ள நிறத்தை எடுத்து மூளை அதன் மேல் பூசிவிடுகிறது. அந்த வித்தையைத்தான் நிரப்பிக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, நடுவில் இருக்க வேண்டியதை அது சொல்லும்.

கற்றுக்கொடுத்தவர்களில் ஜெயசீலியும் ஒருத்தி. திறந்த ஆட்டத்தில் கதை கிடையாது. ஆட்டக்காரர்கள் வடக்கே போகலாம், தெற்கே போகலாம், இருந்த இடத்திலேயே உட்கார்ந்து மீன் பிடிக்கலாம். அதனால் எந்தக் கட்டத்துக்குள் போனாலும் அங்கே ஏதாவது இருந்தாக வேண்டும். ஒரு சம்பவம், அதனால் பாதிக்கப்பட்ட ஓர் ஆள், அந்த ஆள் மறைக்கிற ஒன்று. நிரப்பி குழந்தையாக இருந்த காலத்தில் அது சும்மா விட்ட கட்டங்களையெல்லாம் அவள் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினாள். கொஞ்ச காலத்தில் அது எந்தக் கட்டத்தையும் சும்மா விடுவதை நிறுத்திவிட்டது.

மேசையில், கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் மணலைக் கூட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். காற்று அதை அள்ளித் திரும்பவும் உள்ளே போட்டது.

“ஏம்மா, கதவைச் சாத்திட்டுக் கூட்டுனா என்ன?” என்று ரீகன் கேட்டான்.

ஆட்ட நடத்துநர் கோமதிநாயகம் காதில் இருந்த கருவியை அழுத்திக் கேட்டார். ஊர்க்காரர்களின் பதிலை மேசைக்கு எடுத்துச் சொல்வது அவர் வேலை. தடித்த மீசைக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரலைக் கொண்டுவந்தார்.

“சாத்திப்போட்டா என் மவன் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருவாம்லா.”

ஷீபா “பாவம்” என்றாள். ஜெயசீலி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அம்மா அப்படித்தான் செய்தாள். ஆடிக்காற்றில் கதவைத் திறந்து போட்டு, வீட்டுக்குள் கணுக்கால் அளவு மணல் ஏற ஏறக் கூட்டினாள். அண்ணன் ஞானதுரை காணாமல் போன வருடம் அது. ஜெயசீலிக்கு எட்டு வயது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். கடற்கரையையும் மலையையும் யாராலும் கற்பனையில் வரைய முடியாது. வரைந்தால் மேகம் மாதிரி இருக்கும். அதனால் நிலவரைவாளர்கள் எல்லோரும் உண்மையான நிலத்தைத் திருடுவார்கள். கண்ணாடியில் காட்டித் திருப்பி, கால் வட்டம் சுழற்றிவிட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. எல்லோரும் செய்வார்கள், யாரும் பேச மாட்டார்கள். ஜெயசீலி இதுவரை பனி பெய்யும் தேசங்களில்தான் திருடினாள். இந்த முறை கெடு நெருங்கிவிட்டது. பார்க்காமலே வரையக்கூடிய ஒரே நிலத்தை எடுத்தாள். உடன்குடிக்கு மேற்கே, தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளுக்குள் அவள் பிறந்த கருக்குவிளை. இப்போது அப்படி ஓர் ஊர் கிடையாது. கிணறுகள் வற்றி, ஆட்கள் கிளம்பி, மணல் ஏறி மூடிவிட்டது.

நிரப்பிக்கு அவள் அம்மாவைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மணலும் காற்றும். மீதியை அதுவாகக் கண்டுபிடித்திருக்கிறது.

ரீகன் பகடையை உருட்டினான். நல்ல எண் விழுந்தது. பூட்டிய கடை திறந்தது. கடைக்காரன் வெளியே வராமல் நிலைப்படியில் நின்று பேசினான். சின்ன வயதில் அவனும் கூட்டாளியும் முயல் பிடிக்கப் போனார்கள். மேட்டின் அடியில் வளையைத் தோண்டினார்கள். கூட்டாளி இடுப்புவரை உள்ளே போயிருந்தபோது மேடு சரிந்தது. இவன் கொஞ்ச நேரம் கையால் பறித்தான். பிறகு ஓடிவிட்டான். ஊரில் கேட்டதற்கு, அவனை ரோட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றான்.

“எந்த மேடு?” என்றாள் ஜெயசீலி.

நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சீலி மேடம்,” என்றார் கோமதிநாயகம். “நீங்களே இப்படிச் செய்யலாமா?”

“எந்த மேடுன்னு கேளுங்க நாயகம்.”

“அவங்க கேட்டாத்தான் நான் கேக்க முடியும்.” அவர் ஆட்டக்காரர்களைப் பார்த்தார். “என்ன, தோண்டிப் பாக்கீங்களா?”

“எலும்பை வச்சு என்னவே செய்ய?” என்றான் ரீகன். “இருட்டுக்கு முன்னால மலையைப் புடிப்போம். அங்க பறக்குற பாம்பு இருக்காம்.”

அவர்கள் போனார்கள். மேசையில் அந்தக் கட்டத்தின் மீது ஆள் இல்லாத வெளிச்சம் மட்டும் இருந்தது. கடைக்காரன் கதவைப் பூட்டினான். அந்தப் பெண் கூட்டிக்கொண்டிருந்தாள்.

நிரப்பி அப்போதே ஆட்டமேசையைத் தாண்டி வெளியே போயிருந்தது. நகராட்சிகள் அதை வைத்து, புதைந்துபோன குடிநீர்க் குழாய்களைக் கண்டுபிடித்தன. அகழாய்வுக்காரர்கள் எங்கே தோண்டலாம் என்று கேட்டார்கள். பழைய வழக்குகளுக்குக் காவல்துறை வாங்கிப் போட்டிருந்தது. குழாய் சொன்ன இடத்தில் இருந்தது. அதன் பிறகு யாரும் அதை அதிகம் சந்தேகப்படவில்லை. ஜெயசீலியும்.

அவள் உடன்குடிக்குப் பேருந்து ஏறினாள்.

அங்கே தங்கப்பழம் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடை வைத்திருந்தான். ஞானதுரையின் ஒரே கூட்டாளி. கடைசியாக ஞானதுரையைப் பார்த்தவன். அவள் உள்ளே நுழைந்தபோது செம்புக் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான்.

“ஏட்டி சீலி! என்ன, கலெக்டரம்மா மாதிரி பையைத் தொங்கப்போட்டுக்கிட்டு வார?”

“சும்மாதாண்ணே.”

“சும்மா வர ஆளா நீ? மோட்டாரு கீட்டாரு எரிஞ்சுபோச்சா?”

அவள் சுற்றிவளைக்கவில்லை. “அண்ணனை எங்க விட்டுட்டு வந்தீங்க?”

கம்பி சுற்றும் சக்கரம் நின்றது.

“இதை உங்கய்யாட்ட சொன்னேன். ஊர்க்கூட்டத்துல சொன்னேன். ஸ்டேஷன்ல முட்டிக்கு முட்டி அடிச்சானுவ, அங்கயும் இதைத்தான் சொன்னேன். சைக்கிள்ல கொண்டுபோயி ரோட்டுல எறக்கிவிட்டேன்.”

“ரோட்டுலன்னா எந்த எடத்துல?”

“ரோட்டுலதாம்ட்டி.”

“பஸ்சு வந்துச்சா?”

“காத்து,” என்றான் தங்கப்பழம். “கண்ணைத் தொறக்க முடியாத காத்து. மூஞ்சில மண்ணு அறையுது. எறக்கிவிட்டுட்டு அப்படியே வந்துட்டேன். திரும்பிப் பாக்கல.” செம்புக் கம்பியை விரலில் சுற்றினான். “திரும்பிப் பாத்திருந்தா எந்தப் பக்கம் போனாம்னாவது சொல்லியிருப்பேன். அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல சீலி. நானும் எத்தனையோ தடவை நெனைச்சுப் பாத்துட்டேன். அவன் எறங்குதான். அதுக்கு அப்புறம் நான் வீட்டுல கஞ்சி குடிக்கேன். நடுவுல ஒண்ணுமில்ல.”

அவள் விரிமேசையில் பார்த்ததைச் சொன்னாள். முயல் வளை, சரிந்த மேடு, ஓட்டம், பொய்.

அவன் அடிக்க வருவான் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

“உன் மிஷினு சொன்னா நான் கொலகாரனா?” என்று மட்டும் கேட்டான். குரலில் கோபம் இல்லை. அப்புறம், அவள் கிளம்பியபோது வாசல்வரை வந்து, “எனக்குக் காட்டுவியா அதை?” என்றான்.

காட்டினாள். அவள் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். அந்த நேரத்தில் அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. பொய்யென்றால் அவன் முகத்தில் தெரியும் என்று நினைத்தாள்.

தங்கப்பழம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். மேசை முன்னால் கைகட்டி நின்றான். கோமதிநாயகம் கடைக்காரனைப் பேசவைத்தார். ஒருமுறை கேட்டு முடித்ததும், “இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க சார்” என்றான். இன்னொரு தடவையில் கடைக்காரன் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னான். நிரப்பி அப்படித்தான். கேட்கக் கேட்க நுணுக்கம் சேர்க்கும். அன்றைக்கு வெயில் எப்படி இருந்தது, கூட்டாளி என்ன நிறச் சட்டை போட்டிருந்தான், மண்ணுக்குள்ளிருந்து கடைசியாகக் கேட்ட சத்தம் என்ன.

அடுத்த வாரம் கோமதிநாயகம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மேடம், அந்த ஆளு தெனமும் வாராரு. டிக்கெட்டு எடுத்து ஒக்காந்துக்கிடுதாரு. பகடையைத் தொடுததில்ல, ஒண்ணுமில்ல. அந்தக் கடைக்காரன்ட்டயே பேசிக்கிட்டு இருக்காரு. பசங்க பயப்படுதானுவ.”

“என்ன பேசுதாரு?”

“மொதல்ல கேள்வி கேட்டாரு. இப்ப இவரு எடுத்துக் குடுக்காரு, அவன் ஆமாங்கான்.”

தங்கப்பழம் அவளைத் தேடி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சவரம் செய்து, எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தான். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“சீலி, எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துட்டு.”

“என்ன ஞாபகம்?”

“நான் ரோட்டுக்கே போகலட்டி. தேரிக்குள்ளதான் போனோம். அவன் வளைக்குள்ள தலையை விட்டான். நான்தான் இன்னும் உள்ள போலேன்னேன். பச்சைச் சட்டை. சரிஞ்சதும் பறிச்சேன் பறிச்சேன், முடியல. பொறவு சுனையில போயிக் கையைக் கழுவுனேன். நகத்துக்கடியில ரத்தம்.”

“எந்தச் சுனை?”

“மேட்டுக்குப் பின்னால, தாழைப் பொதருக்குள்ள இருக்குமே, அந்தச் சுனை.”

ஜெயசீலி எழுந்து நின்றாள்.

கருக்குவிளையில் சுனை கிடையாது. தேரியில் வேறு இடங்களில் உண்டு. அங்கே கிடையாது. ஆட்டவிதிப்படி, தொடர்ந்து சில கட்டங்கள் தண்ணீர் இல்லாமல் நடந்தால் ஆட்டக்காரர்கள் செத்துப்போவார்கள். அதற்காக, கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு, அவளாக ஒரு சொட்டு நீலத்தை வைத்தாள். வைத்த இடத்துக்கு எந்தக் காரணமும் இல்லை.

“அண்ணே, அங்க சுனை இல்ல. நான் வச்சது. ஆட்டத்துக்காக நான் வரைஞ்சது.”

“நீ சின்னப்புள்ள. உனக்கு என்ன தெரியும்?”

“உங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலண்ணே. அந்த மேசையில பாத்ததைச் சொல்லுதீங்க. நான் தப்புப் பண்ணிட்டேன்.”

“தண்ணி இனிப்பா இருக்கும்,” என்றான் அவன். “கை கழுவிட்டு ஒரு வாய் குடிச்சேன். கூட்டாளி மண்ணுக்குள்ள கெடக்கான், நான் தண்ணி குடிக்கேன். அதான் சொல்லாம விட்டேன் போல.” அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். “அழாதட்டி. நான் நேத்து நல்லாத் தூங்குனேன். எத்தனையோ வருசத்துக்கு அப்புறம்.”

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனான்.

காவலர்கள் இயந்திரம் கொண்டுவந்து தேரியைத் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. தேரி மணல் வருடா வருடம் நகரும். இருந்த மேடு இப்போது இருக்காது. ஆகவே ஒன்றும் கிடைக்காததை வைத்து அவன் சொன்னது பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

ஜெயசீலி விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போனாள். இன்ஸ்பெக்டர் பேச்சியம்மாள் அவளைவிட இளையவள். மரியாதையாக உட்காரவைத்தாள். நடந்ததை ஜெயசீலி ஒளிக்காமல் சொன்னாள். நிலத்தைத் திருடியது, திருப்பியது, சுனையை வைத்தது, அவனைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியது.

“அக்கா, நீங்க சொல்லுதது புரியுது,” என்றாள் பேச்சியம்மாள். “அதனாலதான் ஆட்டமேசைல வந்ததை நாங்க கணக்குல எடுக்கல. டிபார்ட்மென்ட் நிரப்பியில தனியாப் போட்டுப் பாத்தோம். அதுவும் இதையேதான் சொல்லுது. முயல் வளை, மேடு, எல்லாம். அந்தச் சுனை உட்பட.”

“எந்த நிலப்படத்தைப் போட்டீங்க?”

“கருக்குவிளைக்கு நுணுக்கமான படம்னு இருக்கதே ஒண்ணுதான். யாரோ சாய்ச்சு, மாத்தி வச்சிருந்தாங்க. எங்க மிஷினு அதுவா கண்டுபிடிச்சு நேராக்கிக்கிட்டு.”

“அது என் படம்.”

பேச்சியம்மாள் கொடுமைக்காரி இல்லை. கையிலிருந்த பேனாவை மூடிவைத்தாள்.

“அப்ப ஒண்ணு செய்வோம். சர்வேப் பழைய படத்துல அந்த எடம் வெறும் தேரின்னுதான் இருக்கு, உள்விவரம் கெடையாது. அந்த ஊருல பொறந்தவங்கள்ல நாங்க தேடிக் கண்டுபிடிக்க முடிஞ்சது அவரும் நீங்களுந்தான். அவரு சுனை இருந்துச்சுங்காரு. நீங்க இல்லைன்னு வாக்குமூலம் குடுத்தா, அவரு சொல்லுதது மொத்தமும் விழுந்துரும். நான் அவரை வீட்டுக்கு அனுப்பிருவேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கோர்ட்ல கேப்பாங்க. நீங்க வரைஞ்சதை விடுங்க. சின்னப்புள்ளையில கண்ணால பாத்தீங்கள்லா, அதைச் சொல்லுங்க.”

அடுத்த அறையில் தங்கப்பழத்தின் குரல் கேட்டது. கான்ஸ்டபிள் ஒருவரிடம், தண்ணி மோட்டார் ஏன் அடிக்கடி எரிகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

இல்லை என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் வந்தாள். ஆனால் கோர்ட்டில் கேட்பார்கள். அவள் கண்ணை மூடி, ஊரை நினைவில் கொண்டுவந்து பார்த்தாள்.

வீடு வந்தது. திறந்த கதவு, மணல், கூட்டுகிற அம்மா. உண்மையிலேயே அம்மா கூட்டினாளா, அல்லது மேசையில் பார்த்த பெண்ணா? அம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கட்டைவிரல் உயரப் பெண்ணின் முதுகுதான் தெரிந்தது. அதை விட்டுவிட்டு நடந்தாள். பனை வரிசை. உடைமரம். மேடு. மேட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கே வெறும் மணல் இருந்தாக வேண்டும். ஒன்றுமில்லாத, சிவந்த, சூடான மணல்.

தாழம்புதர் இருந்தது.

அதை அழித்தாள். அந்த வேலை அவளுக்குப் பழக்கம்தான். அழித்த இடத்தில் மணலை வைத்தாள். மணல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஈரமானது.

ஞானதுரை தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டு. வாயில் தண்ணீரை அடக்கி, அவள் மேல் துப்புவதற்குக் கன்னத்தை உப்பவைத்திருந்தான். அண்ணன் முகம் அவளுக்கு மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டில் இருந்த ஒரே போட்டோவும் மணலோடு போய்விட்டது. எவ்வளவு முயன்றாலும் ஒரு சட்டையும் நடையும்தான் வரும், மேலே முகம் வராது. இப்போது வந்தது. கண்ணிமையில் நிற்கிற தண்ணீர் தெரிந்தது. பல்வரிசை தெரிந்தது. “ஏ சீலி, சட்டையை எடுத்துக் குடுட்டி” என்ற குரல் கேட்டது.

சுனையை எடுத்துவிட்டால் இந்த முகமும் போய்விடும். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தான் வரைந்த எதையும்விடத் தெளிவாக.

“அக்கா,” என்றாள் பேச்சியம்மாள். “இருந்துச்சா, இல்லையா?”

ஜெயசீலி கண்ணைத் திறக்கவில்லை.

“கொஞ்சம் இருங்க,” என்றாள். “அண்ணன் இன்னும் கரையேறல.”